பழுப்புத் தண்ணீர்

குருணில் என்பவர் ஒரு தொழிற்சாலைக் காவலாளி. விடுமுறையிலும் சீருடைச் சட்டைதான் போட்டிருப்பார். பேசத் தொடங்குமுன் மீன் தொட்டியின் கண்ணாடியைச் சாவியால் இருமுறை தட்டுவார். அவர் வீட்டுக் கூடத்தின் நடுவே இருந்த அந்தத் தொட்டியில், மரக்கட்டை ஊறித் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது.

வண்ணமீன் கடைக்காரன் நான் சும்மா இருந்திருக்கலாம். "கார்பன் போட்டா கண்ணாடி மாதிரி ஆயிரும்ணே" என்று சொல்லி, கரியைக் கறுப்பு போக அலசி, ரியாக்டர் எனும் கரிக்குழாயில் நிரப்பி, வடிகட்டியோடு மாட்டிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். தண்ணீர் பளிங்காக இருந்தது. அவர் கண்ணாடியைத் தட்டவில்லை.

"நல்லாத்தான் இருக்குலா, தம்பி. ஆனா இப்ப தொட்டிக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரி உக்காந்த நாற்காலி காலியா கெடக்கறது தெரியுது."

"கரிய எடுத்திரட்டுமாண்ணே?"

"எடுத்தா, பழையபடி பழுப்பாக எத்தன நாளாகும்?"

அதை என்னிடம் யாரும் கேட்டதில்லை.