இரண்டு பதினேழாம் பக்கம்

என் சித்திக்கு ஆங்கிலத்தில் ஆகவே ஆகாத வரி ஒன்று இருந்தது. ‘இட் ஈஸ் ஈசிலி சீன்’. எளிதில் விளங்கும் என்று அர்த்தம். கணக்குப் புத்தகம் எழுதுகிறவர்கள் விளக்கச் சோம்பல்பட்ட இடத்திலெல்லாம் இதைப் போட்டுத் தாண்டிவிடுகிறார்கள் என்பது அவள் கட்சி.

அப்போது எனக்குப் பதினொரு வயது. அம்மாவின் தங்கையான சித்தி, பள்ளத்தூரில் எங்கள் வீட்டில் தங்கி, காரைக்குடிக்குப் பஸ்ஸில் போய் கணிதத்தில் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் கணக்குப் போட்டவள். ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுத உட்கார்ந்தபோது, தெரிந்த சின்னச் சின்ன வாக்கியங்களாக, ஒரு படி விடாமல் எழுதினாள். ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர், அவளுடைய கைடு, அதைப் படித்துவிட்டு, சின்னப்பிள்ளைக்கு எழுதிய கடுதாசி மாதிரி இருக்கிறது, புத்தகத்தில் உள்ளதுபோல ‘ஈசிலி சீன்’ போட்டுப் பாதியாகக் குறை, அப்போதுதான் கையெழுத்து என்று சொல்லிவிட்டார். கையெழுத்து இல்லாவிட்டால் ஆய்வேட்டை வாங்கமாட்டார்கள். ஒரு வருஷப் படிப்பு வீண்.

“அவரு கேக்குறத எழுதிக் குடுத்துட்டுப் போயேன்டி. ஒரு வரிதான?” என்றாள் அம்மா.

“மூணு வாரம் நான் முட்டிக்கிட்டு நின்ன எடம்க்கா அது. ஈசின்னு எழுத என் கை வராது.”

சின்னப்பிள்ளை என்று சொன்னார் அல்லவா, அந்த ரோஷத்தில் ஒரு நிஜச் சின்னப்பிள்ளையையே பிடித்து உட்காரவைத்தாள். சாயங்காலங்களில் ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் எழுதி, எனக்குத் தமிழில் சொல்வாள். நான் “ஏன்?” என்று கேட்டால் இன்னொரு வாக்கியம் சேரும். அந்தக் கணக்கு எனக்குப் புரிந்தது என்று சொன்னால் அது பச்சைப் பொய். ஆனால் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போகும்போது கால் இடறினால் எனக்கும் தெரிந்துவிடும். கேள்வி கேட்டதற்குத் திட்டு விழாத ஒரே இடம் அதுதான் என்பதால் சளைக்காமல் கேட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் சறுக்கினேன். அடுத்த வீட்டு டிவியில் பாட்டு ஆரம்பித்துவிட்டது. சித்தியோ அந்த மூன்று வார இடத்தில் நின்று விளக்கிக்கொண்டிருந்தாள். “புரியுது, புரியுது” என்று எழுந்தேன்.

“நெசமாவா?”

“ரொம்ப ஈசி சித்தி.”

அவள் என்னைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு ஏழெட்டு வாக்கியங்களைக் கோடு போட்டு நீக்கிவிட்டு, தனக்கு ஆகாத அந்த வரியை அங்கே எழுதினாள். நான் ஓடிவிட்டேன்.

கையெழுத்து வாங்கப் போன சனிக்கிழமை, துணைக்கு என்னையும் கூட்டிப்போனாள். டைப் மெஷினில் வராத குறிகளுக்கு விட்டிருந்த இடங்களையெல்லாம் கறுப்பு மையால் அவளே நிரப்பியிருந்தாள். கைடு நீளத்தைப் பார்த்து முகம் சுளித்தார். ஆனாலும் தடங்கலில்லாமல் படித்துக்கொண்டே போனார். பதினேழாம் பக்கத்தில் நின்றார். திரும்ப மேலே போனார். பென்சிலை எடுத்து ஓரத்தில் ஏதோ போட்டுப் பார்த்தார். நான் ‘ஈசி’ என்று சொல்லிவிட்டு ஓடிய அதே இடம்.

“ஏம்மா, இது எங்குட்டிருந்து வந்துச்சு?”

“ஈசியா வெளங்கும்னு எழுதியிருக்கேனே சார். நீங்க சொன்னீகளே, அந்த வரிதான். யாருக்கு வெளங்கும்னுதான் எனக்குத் தெரியல.”

சித்தி பையிலிருந்து இன்னொரு பதினேழாம் பக்கத்தை எடுத்து வைத்தாள். அந்த வெள்ளிக்கிழமை நீக்கிய வாக்கியங்கள் அத்தனையும் அதில் இருந்தன. குறிகள்கூட மையிட்டுக் காய்ந்திருந்தன. அவர் படித்தார். பழைய பக்கத்தை உருவிவிட்டு இதைச் செருகி, கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு ஒரு வாக்கியத்தைக்கூடக் குறைக்கச் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டில் எனக்கு ரோஸ்மில்க் வாங்கித் தந்தாள். என் பொய்யால் விழுந்த ஓட்டையை அவள் எப்படியோ அடைத்துவிட்டாள், நல்ல வேளை, திட்டவுமில்லை என்ற நிம்மதியில் உறிஞ்சிக் குடித்தேன். ஒரு மாதமாக எதற்கெடுத்தாலும் ஏன் ஏன் என்று குடைந்த எனக்கு, அந்தப் பக்கத்தை மட்டும் முன்கூட்டியே ஏன் இரண்டு விதமாக டைப் அடித்து வைத்திருந்தாள் என்று கேட்கத் தோன்றவில்லை.