அடக்கத்துக்கு வாங்கிய துணி

நான்கு மாதம் முழுகாமல் இருந்த என் மனைவிக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் கருவை எடுத்தார்கள். எங்கள் பக்கம் கலைந்த கருவையும் வெள்ளைத் துணியில் சுற்றி அடக்கம் செய்வோம். துணியோடு வாசலில் நின்றேன்.

"பிள்ளையைத் தாங்க சிஸ்டர். ஆத்தங்கரையில அடக்கம் பண்ணணும்."

நர்ஸ் தயங்கினார். "பிள்ளைன்னு ஒண்ணு உருவாகவே இல்ல அண்ணாச்சி. திராட்சைக் கொத்து மாதிரி நீர்க்கொப்புளம்தான். முத்துப்பிள்ளைன்னு சொல்லுவாங்க."

யாருக்காக அழுவது என்றே தெரியவில்லை. துணியை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

அதோடு விடவில்லை. வாராவாரம் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். குறைய வேண்டிய கர்ப்ப ஹார்மோன் அளவு ஏறிக்கொண்டே போனது. கொப்புளத்தின் மிச்சம் புற்றுநோயாக மாறி நுரையீரலுக்குப் பரவிவிட்டது, அதற்கான மருந்து ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். மருந்து ஏற ஏற அவள் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது.

ஒருநாள் பையைத் துழாவி அந்தத் துணியை எடுத்தாள்.

"ஏட்டி, அதை எடுக்காத! அடக்கத்துக்கு வாங்குனது."

"அடக்கம் பண்ணத்தான் ஒண்ணும் இல்லேல்லா. இங்கன வந்து தலையில கட்டி விடுங்க."

கட்டிவிட்டேன். இன்றும் மருந்து ஏறுகிறது. அந்தத் துணியைத் தினமும் நானே துவைக்கிறேன். அது நைந்து கிழிந்து போகட்டும். அதுவரைக்கும், அதற்குப் பிறகும், அவள் இருக்க வேண்டும்.