நடுவானில் இருமிய எஞ்சின்

விமான மெக்கானிக்கின் முதல் எதிரி, அவனைக் கண்டதும் நல்ல பிள்ளையாகிவிடும் எஞ்சின்தான். ஆள் வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஓடத் தொடங்கும் வாஷிங் மெஷின் உங்கள் வீட்டில் இருந்தால், என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். ஈப்போவில் சின்ன விமானங்களைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. பல் டாக்டர் மங்கை அக்காவின் பழைய இரண்டு இருக்கை விமானம் நாலு வாரம் என்னைப் படுத்திய பாடு இது.

பிடுங்கிப் பார்த்தல்

கோலா கங்சாருக்கு மேலே பறக்கும்போது எஞ்சின் இரண்டு தடவை அடங்கி அடங்கி எழுந்தது என்றார் அக்கா. முகம் வெளுத்திருந்தது. டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன், பெட்ரோல் இருந்தது. தரையில் கால் மணி நேரம் ஓட்டினேன், தையல் மெஷின் மாதிரி ஓடியது. "பிளக்தான் அக்கா" என்று, கூடவே பறந்து பார்த்தவன் போலச் சொல்லி எல்லா பிளக்கையும் மாற்றினேன்.

அடுத்த வாரம் அதே இருமலோடு இறங்கினார். இந்த முறை, பிளக்குக்குப் பொறி கொடுக்கும் மேக்னெட்டோவை மாற்றலாம் என்றேன். அக்கா பிளக் பில்லை மடித்துப் பையில் வைத்தார்.

"தம்பி, எந்தப் பல்லு வலிக்குதுன்னு தெரியாம நான் ஒவ்வொண்ணா புடுங்கிப் பார்க்குறதில்லலா."

ஐஸ் கட்டிய கதை

மேக்னெட்டோவும் மாறியது, இருமல் மாறவில்லை. எனக்குத் தெரிந்த நோயெல்லாம் தீர்ந்துபோனதால், ஓட்டுகிறவர் மேல் சந்தேகம் வந்தது. ஈரக் காற்றில் கார்புரேட்டருக்குள் ஐஸ் கட்டும், அதைச் சூடாக்கும் லீவரை அக்கா இழுக்க மறந்திருப்பார் என்று எங்கள் தலைமை மெக்கானிக் குணா அண்ணனிடம் போய்ச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் இழுத்ததாக அக்கா முன்பே அவரிடம் சொல்லியிருந்தார்.

"நோய் என்னன்னு தெரியலைன்னா டாக்டருங்க நோயாளி மேல பழி போடுவாங்க, நீ டாக்டர் மேலயே போடுறியாடா?"

கிளினிக் குரல்

அக்கா விமான நிலையத்துக்கு மேலேயே உயரத்தில் வட்டமடிக்க வேண்டும், நானும் கூடப் போக வேண்டும் என்று அண்ணன் உத்தரவு போட்டார். வழக்கம்போல டேங்க் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு ஏறினேன். நாற்பதாவது நிமிடம் எஞ்சின் இருமியது. பிறகு நின்றே போனது. முன்னால் விசிறி காற்றில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. குனோங் ராபாட்டின் சுண்ணாம்பு மலைகள் தெரிந்தன, அவற்றின் அடியில் என் வீடும் இருந்தது.

அக்கா விமானத்தை ஓடுதளத்துப் பக்கம் திருப்பினார். எஞ்சினைக் கவனிக்க அனுப்பப்பட்ட நான், இருக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். அக்காவின் குரல் மட்டும் கேட்டது.

"பயப்படாதீங்க தம்பி, மூச்ச மெதுவா விடுங்க, அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும்."

புஸ்

பூப்போல இறக்கினார். நான் இறங்கி டேங்க் மூடியைத் திருகினேன். 'புஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தது. பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று போக, இறக்கைக்கு அடியில் ஒரு சின்னக் குழாய் உண்டு. அதற்குள் ஒரு குளவி மண் கூடு கட்டியிருந்தது. காற்று போகாததால் பெட்ரோல் கீழே இறங்கவில்லை.

ஒவ்வொரு முறையும் நானே மூடியைத் திறந்து காற்றை உள்ளே விட்டு, பழுதைத் துரத்திவிட்டு, பிறகு அதைத் தேடியிருக்கிறேன். அந்தப் புஸ் சத்தம் முன்பும் வந்திருக்கும். நான் பேசிக்கொண்டிருந்திருப்பேன். குணா அண்ணன் கம்பியால் மண்ணைச் சுரண்டி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"நாலு வாரமா இந்த பிளேன்ல ஒழுங்கா வேலை பார்த்தது இந்தக் குளவி மட்டுந்தாண்டா."

புந்தோங் தீர்ப்பு

அந்த ஞாயிற்றுக்கிழமை புந்தோங்கில் என் மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் மாற்றப் போனேன். கடைக்காரன் ரவி என் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. நடுவானில் எஞ்சின் நின்ற கதையைக் கையை இறக்கை மாதிரி விரித்து அவனுக்கு நடித்தே காட்டினேன், கண்ணை மூடிய இடத்தை மட்டும் விட்டுவிட்டு. அவன் வண்டிச் சங்கிலியிலிருந்து தலையை எடுக்கவே இல்லை.

"மோட்டார் இப்படி நின்னுச்சுன்னா, நாங்க மொதல்ல பெட்ரோல் மூடி ஓட்டையத்தான் ஊதிப் பார்ப்போம் மச்சான்."

எந்தெந்த எஞ்சினில் நான் கை வைக்கலாம் என்று என் லைசென்ஸில் வரிசையாக எழுதியிருக்கிறது, கை வைக்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று எழுதத்தான் இடம் விடவில்லை.