காலையில் மட்டும் கிளம்பாத எஞ்சின்

கெலிஓயாவில் பதினேழு வருடம் துடுப்புப் போட்டு மகாவலியில் ஆட்களை அக்கரை சேர்த்த மஹ்ரூபுக்கு, 1934ஆம் ஆண்டு ஒரு பழைய எஞ்சின் வாய்த்தது. ஹேவாஹெட்டத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது அது. தோணியின் பின்பக்கத்தில் மாட்டி ஓட்டலாம். சொல்லிக்கொடுக்க ஆளில்லை, கழற்றியும் பூட்டியுமே மஹ்ரூப் அதைப் படித்துக்கொண்டார்.

மத்தியானம் ஒரே இழுப்பில் கிளம்பிவிடும். விடியற்காலையில்தான் சண்டித்தனம். சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி முப்பது தடவை இழுத்தாலும் இரண்டு தும்மலோடு சரி.

"துடுப்ப எடுங்க மஹ்ரூப் நானா," என்பான் தினமும் முதல் தோணிக்கு வரும் செல்லச்சாமி. "ரயிலு உங்க எஞ்சினுக்காக நிக்காது."

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வருகிற ஞாயிறு மனைவி றம்லத்தின் தம்பி தாஸிமுக்கு நிக்காஹ். மாப்பிள்ளையைக் காலை ஏழு மணிக்கு மோட்டர்த் தோணியில் கொண்டுவருவதாக அக்கரைப் பெண் வீட்டாரிடம் மஹ்ரூப் பெருமையாகச் சொல்லிவிட்டார். துடுப்போடு போய் இறங்கினால், அந்தக் குடும்பம் சாகும்வரை அதைச் சொல்லிச் சிரிக்கும்.

ஒரு நாளைக்கு ஒன்றாகத்தான் பார்த்தார். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமல் போகும். புதன்கிழமை பிளக்கைக் கழற்றித் துடைத்து, இரும்பில் ஒட்டிப் பிடித்துக் கயிற்றை இழுத்தார். நீலப் பொறி பளிச்சென்று விழுந்தது. வியாழன் பழைய பெற்றோலைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்து ஊற்றினார். வெள்ளி குழாயை ஊதிப் பார்த்தார், அடைப்பில்லை. எஞ்சின் மட்டும் அசையவில்லை.

சனிக்கிழமை விடியலில் தோள் வலியோடு வீட்டுக்கு வந்தபோது, றம்லத் தலைக்கு வைக்கும் எண்ணெய்ப் போத்தலை அடுப்போரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் குளிருக்கு எண்ணெயும் உறஞ்சி போச்சி. கவுத்தாலும் கீழ உழுதில்ல."

மஹ்ரூப் போத்தலை வாங்கிப் பார்த்தார். வெள்ளையாகக் கட்டிப் போயிருந்தது. வந்த வழியே ஆற்றுக்கு ஓடினார்.

பெற்றோலோடு எஞ்சின் எண்ணெய் கலக்க வேண்டும். அது தீர்ந்த நாளிலிருந்து அவர் தேங்காயெண்ணெய்தான் கலந்துவந்தார். புகையும் வாசமாக இருந்தது. பெற்றோலும் காற்றும் கலக்கும் காபரேட்டரின் சின்னக் கிண்ணத்தைக் கழற்றினார். இரவில் பெற்றோல் ஆவியாகிப் போக, மிஞ்சிய எண்ணெய் மெழுகாக உறைந்து ஊசித் துளையை அடைத்திருந்தது. வெயில் ஏறினால் தானே உருகிவிடும். மத்தியானத்தில் குறை தெரியாததும் அதனால்தான்.

"எஞ்சினுக்கா ஊத்தினீங்க?" என்றாள் பின்னாலேயே வந்து விஷயத்தைக் கேட்ட றம்லத், சிரிப்பை அடக்க முடியாமல். "நான் எலி குடிக்கிதின்டு நெனச்சன்."

அன்றே பஸ்ஸில் கண்டிக்குப் போய் எஞ்சின் எண்ணெய் வாங்கி வந்தார். பெற்றோல் தாங்கி, குழாய், கிண்ணம் எல்லாவற்றையும் பெற்றோலில் கழுவினார். புதுக் கலவையில் ஓட்டிப் பார்த்தபின், பெற்றோல் குழாயை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டார். கிண்ணத்தில் இனி ஒரு சொட்டும் தங்காது.

ஞாயிறு காலை, ஆற்று நீரே தெரியாத பனி. புதுத் தொப்பியோடு தாஸிம் ஏறி உட்கார்ந்தான்.

"துடுப்பு இரிக்கா மச்சான்?"

"இரிக்கி. அதுக்கு மேல கால வெச்சிட்டு இரிங்க மாப்பிள."

பெற்றோல் குழாயைத் திறந்து, குளிரில் எளிதாகப் பற்றுவதற்காகக் காற்று வழியை அடைத்துவிட்டு மஹ்ரூப் கயிற்றை இழுத்தார். ஒரு தும்மல். இரண்டாம் இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கரையில் வேடிக்கை பார்க்க வந்திருந்த செல்லச்சாமி துண்டை எடுத்துச் சுழற்றினான். கொக்குகள் எழும்பிப் பறந்தன. தாஸிம் இரண்டு கையாலும் தொப்பியைப் பிடித்துக்கொண்டான்.

சத்தம் கேட்டு அக்கரையில் ஆட்கள் படியிறங்கி ஓடிவருவது பனிக்குள் மங்கலாகத் தெரிந்தது. நடு ஆற்றில் தோணி வளைந்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது.

"மச்சான், பொண்ணு வீடு அந்தப் பக்கம்."

"தெரியும்," என்றார் மஹ்ரூப், இன்னொரு சுற்றுக்குத் திருப்பிக்கொண்டே.