சகவும் சயவும்

"அக்கா, அது சகவா, சயவா?"

கிளிநொச்சியிலிருந்து விசுவமடுவுக்குத் திரும்பும் பஸ்ஸில் அனோஜா என்னிடம் கேட்பது எப்போதும் இதைத்தான். கூட்டல் குறியைச் சக என்றும் கழித்தல் குறியைச் சய என்றும் பள்ளிக்கூடத்திலேயே வாசிக்கப் பழகியவர்கள் நாங்கள். தொழினுட்பக் கல்லூரியில் அட்சரகணிதம் எடுக்கும் யோகநாதன் சேரும் அப்படித்தான் சொல்வார். பலகையில் எழுதுவது குறைவு. மேசைகளுக்கிடையில் நடந்தபடி கணக்கைச் சொல்வார்; நாங்கள் கேட்டு எழுதிச் செய்ய வேண்டும். வகுப்புச் சோதனைகளும் அப்படியே.

நான் வரலாற்றில் பட்டம் எடுத்தவள், எங்கள் குடும்பத்தில் முதல் ஆள். வேலை கிடைக்காததால் கணிய அளவையியல் டிப்ளோமாவில் சேர்ந்தேன். எதற்கு இன்னொரு சான்றிதழ் என்று யாராவது கேட்டால் என்னிடம் ஒழுங்கான பதில் இருக்காது. அனோஜாவிடம் இருந்தது. "கட்டடம் கட்டிற இடத்தில கல்லும் சீமெந்தும் எவ்வளவு வேணும் எண்டு கணக்குப் பாக்கிற வேலை. இருந்து செய்யலாம்" என்பாள், பஸ் நேரம் சொல்வதுபோல.

அட்சரகணிதத்தில் அவள் ஏற்கெனவே ஒருமுறை தவறியிருந்தாள். வகுப்புச் சோதனைப் புள்ளி போதாது என்று இறுதிப் பரீட்சைக்கே விடவில்லை. என்னோடு இருந்து மறுபடி படித்தாள். இந்த முறையும் தவறினால் பதிவு ரத்து. அதற்குப் பிறகு உடுப்புத் தைக்கிற தொழிற்சாலைதான். அதன் பஸ் காலையில் அவர்கள் வாசலைத் தாண்டிப் போகும். அவளுடைய அப்பா பழனியாண்டி அங்கே ஒரு மேற்பார்வையாளரிடம் சொல்லியும் வைத்திருந்தார். "அதுவும் வேலைதானே" என்று அதையும் அதே குரலில்தான் சொன்னாள்.

அவளுக்குக் கணக்கு ஓடவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒருநாள் பரந்தனில் ஆட்கள் ஏறி நெருக்கியதில் நான் அவளுக்கு வலப்பக்கமாக மாறி உட்கார வேண்டி வந்தது. வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"சய" என்றேன்.

"சகவோ?"

"சய."

"அதுதான், சகவோ?"

"சயவடி, சய!"

முன் சீற்றிலிருந்த ஐயா திரும்பிப் பார்த்தார்.

"கோவிக்காதேங்கோ அக்கா. நீங்கள் இருக்கிற பக்கக் காது எனக்குக் கேக்காது. மற்றக் காதுக்கும் ரெண்டும் ஒண்டாத்தான் கேக்கிறது."

ஆறு வயதில், யுத்த நேரம், பதுங்கியிருந்த பங்கருக்குப் பக்கத்தில் விழுந்த ஷெல்.

"அப்ப இவ்வளவு நாளும் எப்பிடிச் செய்தனி?"

"ரெண்டு விதமாயும் செய்து பாப்பன். எதுக்கு ஒழுங்கான விடை வருதோ அதை எடுப்பன். போனமுறை சோதனையில சேர் ஐஞ்சையும் ஆறையும் தந்திட்டார். அதோட சரி."

வீட்டுக்குப் போய்ச் செய்து பார்த்தேன். x வர்க்கம், ஐந்து x, ஆறு. குறிகளை எப்படி மாற்றிப் போட்டாலும், நான்கு விதத்திலும் முழு எண்ணாகவே விடை வந்தது. அவள் அந்த நான்கில் ஒன்றை எடுத்திருக்கிறாள். பிழையான ஒன்றை.

மறுநாள் சேரிடம் சொல்லச் சொன்னேன்.

"சொன்னா எப்பிடி நடந்தது எண்டு கேப்பார். யுத்தத்தைப் பற்றி விசாரிக்க வந்த ஆக்களுக்கெல்லாம் சொல்லியாச்சு அக்கா, போனில பதிஞ்சும் கொண்டுபோனவை. இப்ப சொல்லேக்க வேற ஆருக்கோ நடந்த மாதிரிக் கிடக்கு. அழுகையும் வராது. அழாமச் சொன்னா ஆக்கள் நம்பமாட்டினம்."

அடுத்த வகுப்புச் சோதனையில் சேர் நடக்கத் தொடங்கினார். "x வர்க்கம் சய..."

"சேர்." அனோஜா எழுந்து நின்றாள். "சய எண்டு சொல்லாமக் கழித்தல் எண்டு சொல்லுங்கோ."

பின்வரிசையிலிருந்து சஜீவன் முந்திக்கொண்டான். "சேர், அப்பிடியே விரல் விட்டும் எண்ணிக் காட்டுங்கோ. தங்கச்சி இப்பதான் மூண்டாம் ஆண்டு."

வகுப்பு சிரித்தது. சேர் சிரிக்கவில்லை. "ஏன் பிள்ளை, சயவில என்ன குறை?"

எனக்குப் பதில் தெரியும். ஆனால் அது நான் சொல்ல வேண்டிய பதில் அல்ல.

"கழித்தல் எண்டா எனக்குப் பிழைக்காது, சேர்."

இன்னும் ஏதாவது வரும் என்பதுபோல அவர் நின்றார். அவள் உட்கார்ந்து பேனையை எடுத்தாள்.

"சரி, எழுதுங்கோ. x வர்க்கம் சய... ச்சீ, கழித்தல். கழித்தல் ஏழு x. இருவது வருசமாச் சய எண்டு சொன்ன வாய் பிள்ளை, மெல்லத்தான் திரும்பும்."

அன்றிலிருந்து சஜீவன் அவளுக்கு வைத்த பெயர் கழித்தல். "கழித்தல் வாறா, ரோல்ஸில ஒண்டைக் குறையுங்கோ" என்று கன்ரீனில் கத்துவான். அவள் ரோல்ஸை வாங்கிச் சாப்பிடுவாள். கேலியாகச் சொல்லிச் சொல்லி எல்லோருடைய வாயிலும் அந்தச் சொல் ஏறிவிட்டது. ஒருநாள் சஜீவனே பலகைக்கு முன்னால் நின்று, யோசிக்காமல், "கழித்தல் மூண்டு x" என்று வாசித்தான். பல்கலைக்கழகத்தில் விளங்காத ஆங்கில விரிவுரைகளுக்கெல்லாம் நான் தலையாட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். ஒரு சொல்லை மாற்றிச் சொல்லுங்கள் என்று கேட்கலாம் என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை?

அனோஜாவை இறுதிப் பரீட்சைக்கு விட்டார்கள். வினாத்தாள் அச்சில் இருந்தது. அதில் சகவும் இல்லை, சயவும் இல்லை, குறிகள் மட்டும்.

பெறுபேறு வந்த அன்று அவள் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் அவளும் அம்மா பேச்சியம்மாவும் பிடுங்கிய செடிகளிலிருந்து கச்சான் கடலை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். என் போனை நீட்டினேன். மண் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

"பாஸா, பெயிலா? அத மட்டும் சொல்லு" என்றார் பேச்சியம்மா.

"பாஸ். பி."

"அப்ப அந்த கார்மென்ட்ஸ்காரருகிட்ட வேணாம்னு சொல்லச் சொல்லணும் ஒங்கப்பாவ." அவர் அடுத்த செடியை எடுத்தார்.

நானும் உட்கார்ந்து ஆயத் தொடங்கினேன். எனக்கு ஏ வந்திருந்தது. அதைக் காலையில் பார்த்துவிட்டுப் போனைச் சார்ஜில் போட்டிருந்தேன். அவளுக்காவது மனதில் ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேனோ?

"சந்தோசமோ?" என்று இடப்பக்கமாகக் குனிந்து கேட்டேன்.

"தெரியேல்ல அக்கா. காலமை அந்த பஸ்ஸில ஏறத் தேவையில்லை. அவ்வளவுதான் விளங்குது."

ஒரு கைப்பிடி கச்சானைக் கடகத்தில் போட்டாள்.

"அடுத்தது திரிகோணகணிதமாம். சைன், கோசைன். ரெண்டில ஒண்டுக்கு வேற பேர் யோசிச்சு வைக்க வேணும்."