இடிக்குக் கழற்ற முடியாத போன்

வழுவழுவென்று, நகம் நுழையக்கூட இடமில்லாத செல்போன் முதுகைக் கண்டாலே எனக்கு இப்போது குமட்டுகிறது.

எங்கள் விளாத்திகுளம் பக்கம் இடி இடித்தால், புஞ்சைக் காட்டில் நிற்பவர்கள் முதலில் செல்போன் பேட்டரியைக் கழற்றுவார்கள். ஒதுங்க மரமில்லாத கரிசல் அது. செல்போன் இடியை இழுக்காது என்று யார் சொன்னாலும் காதில் ஏறாது. அப்பாவும் அப்படித்தான். போன் சட்டைப் பையில், பேட்டரி மடியில். இடி ஓய்ந்ததும் பேட்டரியை வேட்டியில் துடைத்து மாட்டி, கோவில்பட்டியில் வாக்கப்பட்டிருக்கும் என்னைக் கூப்பிட்டு, "நல்லா இருக்கேன்ட்டி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவார். அதன் பிறகுதான் எனக்குக் கை வேலை ஓடும்.

அந்தப் போன் போன வருஷம் செத்துப்போனது. பேரன் முகம் பார்த்துப் பேசுகிற போன்தான் வேண்டும் என்றார் அப்பா. கடையில் அப்படி முதுகு கழலும் போன் ஒன்றுகூட இல்லை.

"இப்பம் எல்லாம் பசை போட்டு ஒட்டித்தான் வருது அண்ணாச்சி. அப்பந்தான் ஒல்லியா இருக்கும், தண்ணியும் உள்ள போவாது," என்றார் கடைக்காரர்.

"நாங்களே மழைக்கு வானத்தப் பாத்துக் கெடக்கோம். எங்களுக்கு எதுக்குய்யா தண்ணி போவாத போனு?"

"இடிச்சா அணைச்சு வச்சிருங்கப்பா," என்றேன் நான்.

"அணைச்சாலும் உள்ள உயிரு கெடக்குல்லா," என்றார் அப்பா. வேறு வழியில்லாமல் அதையே வாங்கினோம்.

ஒல்லியாக இருக்க வேண்டுமாம். யார் கேட்டது? பீடிக்கட்டும் கண்ணாடிக்கூடும் திணித்துப் புடைத்திருக்கும் அப்பாவின் பையில், கொஞ்சம் தடித்த போனுக்கா இடமில்லை? பேட்டரி உப்பினால் போனையே தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கு என்கிற அற்பப் புத்தி. சீ, இதற்கு அழகு என்று ஒரு பெயர்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு இடித்தது. உளுந்துக் காட்டில் தனியாக நின்ற அப்பா, பேட்டரியைக் கழற்ற முடியாததால் போனை வரப்பில் வைத்துவிட்டு விலகி நடந்திருக்கிறார். மழையும் பிடித்துக்கொண்டது. ஈரக் கரிசல் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

இடி ஓய்ந்தும் அவரிடமிருந்து பேச்சில்லை. நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். மணி போனது, எடுக்கவில்லை. பக்கத்துக் காட்டுக்காரரைப் போனில் பிடித்துப் போய்ப் பார்க்கச் சொன்னேன். அவர் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ கூப்புட்டது அம்புட்டும் கேட்டுச்சுட்டி. ஊந்துகூடப் போக முடியல. பழைய போனுன்னா எங்கிட்டயே கெடந்திருக்கும். மாட்டி ஒரு வார்த்த பேசிருப்பேன்."

அவர் இன்னும் எழுந்து நடக்கவில்லை.

காட்டுக்காரர் அந்தப் போனைக் கொண்டுவந்து, ஒட்டியிருந்த சேற்றைக் குழாயடியில் கழுவி என்னிடம் நீட்டினார். தொட்டதும் திரை பளிச்சென்று எரிந்தது. கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போயிருக்கவில்லை.