கள்ளக்குறிச்சி பைபாஸ்ல கை காட்டுனவ

நான் பேய்க் கதை சொல்ற ஆளு இல்லைங்க. எவனாவது சொன்னா மொதல்ல கிண்டல் பண்றவனே நான்தான். ஆனா இது எனக்கே நடந்துச்சி. சிரிக்கிறவங்க தாராளமா சிரிச்சிக்கங்க. எனக்கு இன்னிக்கு வரைக்கும் சிரிப்பு வரல.

என் பேரு சுபாஷ். சின்னசேலம் பக்கம். சொந்தமா ஒரு ஆம்னி வேன் வெச்சி வாடகைக்கு ஓட்டறேன். கள்ளக்குறிச்சி பைபாஸ் வந்த கதையெல்லாம் எனக்கு அத்துப்படி. முன்னாடி சேலத்துக்குப் போற பஸ்ஸு, லாரி எல்லாம் டவுனுக்குள்ள பூந்துதான் போவும். ஊரத் தாண்டறதுக்குள்ள உசுரு போயிடும். அப்புறம் வயலு, கெணறு, வண்டிப்பாதை எல்லாத்தையும் எடுத்து ஊரச் சுத்தி பைபாஸ் போட்டாங்க. மொதல்ல ரெண்டே லைனு. நாலு லைன்ல பறந்து வர்றவன் திடீர்னு ரெண்டு லைன்ல பூந்தா இன்னா ஆவும்? நேருக்கு நேரா மோதி ஆளுங்க செத்துக்கினே இருந்தாங்க. அதுக்கப்புறம்தான் அகலப்படுத்துனாங்க. அப்பாடான்னு இருந்துச்சி எனக்கு.

போன கார்த்திகை. என் பொண்டாட்டி இசைவாணிக்கு வயித்துல ரெட்டைப் புள்ள. கல்யாணம் ஆயி ஏழு வருஷம் கோயில் கோயிலா ஏறி எறங்கி உண்டானது. கண்ணு பட்டுடப் போவுதுன்னு ரெட்டைங்கறத யாருக்கும் சொல்லல. எங்களுக்கும் டாக்டரம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். மாமனார், மாமியாருக்கே சொல்லலன்னா பாத்துக்கங்க.

அன்னிக்கு அவங்க ரெண்டு பேரும் வெள்ளிமலையில ஒரு சாவுக்குப் போயிருந்தாங்க. சாயங்காலம் இருட்டிக்கினு வர்றப்ப இசைக்கு வலி வந்துடுச்சி. நாளு இன்னும் இருந்துச்சி. மழை வேற. ஆம்புலன்ஸு வர்ற வரைக்கும் எனக்குப் பொறுமை இல்ல. அவளத் தூக்கி பின் சீட்டுல படுக்க வெச்சி, கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்கு வண்டிய விட்டேன்.

பைபாஸ்ல ஏறும்போது ஏழே கால். வைப்பர் டக்கு டக்குன்னு அடிக்குது. பின்னாடி இசை கத்தறா. "சீக்கிரம் போங்க... என்னால முடியலங்க..."

"இதோ வந்துட்டோம்டா கண்ணு. பொறுத்துக்க."

அப்பதான் லைட்டு வெளிச்சத்துல பாத்தேன். ரோட்டோரமா ஒரு பொம்பள கை காட்டறா. நெறமாசம். வயித்தப் புடிச்சிக்கினு நிக்கறா.

நீங்களே சொல்லுங்க, புள்ளத்தாச்சி மழையில நின்னா எவன் தாண்டிப் போவான்? நிறுத்துனேன்.

"ஆஸ்பத்திரிக்குத்தாம்மா போறோம். ஏறிக்க."

அவ ஏறவே இல்ல. பின்னாடி ஜன்னலுக்குப் போயி, குனிஞ்சி இசையப் பாத்தா.

"ரெண்டா?"ன்னு கேட்டா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சி. இவளுக்கு எப்படித் தெரியும்?

திரும்பிப் பாத்தேன். மழை கொட்டுது... அவ பொடவை நனையல. தலைமுடி நனையல. ஒரு சொட்டு ஈரம் இல்ல.

இன்னொண்ணு. வண்டி கூரை மேல மழைச் சத்தமே கேக்கல.

இசையும் கத்தறத நிறுத்திட்டா. அந்தப் பொம்பளையவே பாத்துக்கினு இருக்கா. ரெண்டு பேரும் ஏதோ குசுகுசுன்னு பேசிக்கறாங்க. ரொம்ப நாளு பழகுன சொந்தக்காரங்க மாதிரி.

எனக்கு ஒண்ணு மட்டும் காதுல விழுந்துச்சி.

"சுமை ஜாஸ்தியா கீதே... ஒண்ண இங்க எறக்கி வெச்சிட்டுப் போயேன்."

"ஏய்! யாரு நீ?"

கியர் போட்டேன். வண்டி பறந்துச்சி. நாப்பது... அம்பது... அறுவது...

கண்ணாடியில பாத்தேன்.

அவ ஜன்னல்லயே இருந்தா.

ஓடல. மெதுவா நடந்துக்கினு வர்றா. வண்டி அறுவதுல போவுது.

மூடுன ஜன்னல் கண்ணாடி வழியா அவ கை உள்ள வந்துச்சி. இசை வயித்து மேல உக்காந்துச்சி.

"கைய எடுடி! எடுடி கைய!"

அழுதுட்டேங்க. ஸ்டியரிங்கப் புடிச்சிக்கினு ஓன்னு அழுதேன். முருகா, முருகான்னு கத்துனேன்.

மேம்பாலம் வந்துச்சி.

டபடபன்னு மழைச் சத்தம்.

கண்ணாடியில யாரும் இல்ல.

ஆஸ்பத்திரியில போனதுமே இசைய உள்ள கொண்டுபோயிட்டாங்க. கொஞ்ச நேரத்துல ஒரு புள்ள அழுத சத்தம் கேட்டுச்சி. அடுத்த சத்தத்துக்குக் காத்துக்கினு நின்னேன். வரவே இல்ல. நர்ஸம்மா வெளிய வந்து, பொண்ணு நல்லா இருக்கு, பையன் தங்கலன்னு சொன்னாங்க. எடது பக்கம் இருந்த புள்ளைக்கு வர்ற வழியிலதான் துடிப்பு நின்னுருக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க. காரணம் கேட்டேன். அவங்களுக்கும் தெரியல.

விடிஞ்சதும் மாமனார் காசிநாதன் வெள்ளிமலையிலேர்ந்து ஓடி வந்தாரு. நடந்தத அவருகிட்ட மட்டும் சொன்னேன். எந்த எடம்னு கேட்டாரு. சொன்னதும் அவரு மொகம் செத்துப்போச்சி.

"மாப்ள, பைபாஸ் வர்றதுக்கு முன்னாடிலேர்ந்தே அங்க ஒரு சுமைதாங்கிக் கல்லு இருந்துச்சி. வயித்துப் புள்ளையோட செத்துப்போன ஒருத்திக்கு நட்டது. அப்படிச் செத்தவங்க எறக்க முடியாத பாரத்தோட அலைவாங்களாம். வழியில போறவங்க தலைச்சுமைய அந்தக் கல்லு மேல எறக்கி வெச்சி இளைப்பாறுனா, அவளுக்கும் பாரம் கொறையும்பாங்க. ரோடு அகலப்படுத்துனப்ப புடுங்கிப் போட்டுட்டாங்க. எங்க போச்சின்னு யாரும் கேக்கல."

இத இசைகிட்ட நான் சொல்லவே இல்ல. வூட்டுக்கு வந்தப்புறம் ஒரு நாளு, பொண்ணுக்குப் பால் குடுத்துக்கினே அவளா ஆரம்பிச்சா.

"அவ என்கிட்ட இன்னா கேட்டான்னு உங்களுக்குத் தெரியுமாங்க?"

"வேணாம் இசை. விட்டுடு."

"எந்தப் பக்கத்துப் புள்ளைய எறக்கறன்னு கேட்டா. எனக்கு வலி தாங்கலங்க. வலி போனா போதும்னு இருந்துச்சி..." தேம்பித் தேம்பி அழுதா. "எடது பக்கம் கைய வெச்சிக் காட்டிட்டேங்க."

எடது பக்கம் இருந்தது பையன்.